பக்கம் பதினாலு, ரெண்டாந் தீர்மானம்

உண்டியல் இல்ல, அண்ணாச்சி. நீங்க பாக்க பார்வையிலயே தெரியுது. இப்பந்தான் பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, "எந்தக் கோயிலுக்கு?"ன்னு கேட்டுச் சுருக்குப்பைய அவுத்துட்டாவ. "ஆத்தா, இது சாமிக்கு இல்ல, காலேஜுக்கு"ன்னு சொன்னா, "காலேஜுக்கும் உண்டியல் வச்சிட்டாவளா, வெளங்கிரும்"னுட்டுப் போறாவ. நான் என்னத்தச் சொல்ல?

புகார்ப் பெட்டி. பிள்ளைக புகார எழுதிப் போடுத பெட்டி. உக்காருங்க, மடியில வச்சிக்கிடுதேன். மேல தட்டுல வச்சா பிரேக்கு போடுதப்ப எவன் தலையிலயாவது விழும், அவன் ஒரு புகாரு குடுப்பான். எனக்கு இந்த வருசம் வந்த புகாரே போதும், சாமி.

தென்காசியா நீங்க? நான் ஆலங்குளம் தாண்டி எறங்கிருவேன். ஒரு மணி நேரம் இருக்குல்லா, கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. எனக்கு யாருட்டயாவது சொல்லியாகணும், வீட்டுல சொன்னா சிரிக்காவ.

என் பேரு ஆவுடையப்பன். காலேஜ்ல மாணவர் நலப் பிரிவு சூப்பிரண்டு. இருவத்தாறு வருசம். போன திங்கக்கிழம வரைக்கும்னு வச்சிக்கிடுங்க. இப்பம் எங்க இருக்கேங்கத பெறகு சொல்லுதேன், வயிறு எரியும்.

மாணவர் நலம்னா எல்லாரும் என்ன நெனைக்காவன்னா, பிள்ளைகளுக்குச் சோறு, தண்ணி, வைத்தியம். அதெல்லாம் இல்ல. மாணவர் நலம்னா விதி. எங்க காலேஜ் கையேட்டுல நாப்பத்திமூணு விதி இருக்கு, நாப்பத்திமூணும் நான் எழுதுனது. எழுதுனதுன்னா, ஒரு பாலிடெக்னிக்கு கையேட்டப் பாத்து எழுதுனது. எல்லாவனும் அப்பிடித்தான் எழுதுதான். விதி இருவத்திரெண்டு, ‘பட்டறைக்குள் வேட்டி அணிந்து வரக் கூடாது.’ எங்களுது ஆர்ட்ஸ் காலேஜ், பட்டறையே கெடயாது. இருக்கட்டுமே, அதுவா சோறு கேக்குது? ஆனா கடைசி விதி என் சொந்தச் சரக்கு. ‘மேற்கண்ட விதிகளில் குறிப்பிடப்படாத குற்றங்களும் குற்றங்களாகவே கருதப்படும்.’ எப்பிடி? அதுல அடங்காத மனுசன் உண்டுமா, சொல்லுங்க.

அடுத்து மன்னிப்புப் பாரம். அதுவும் என் கண்டுபிடிப்பு. முன்னயெல்லாம் ஒரு பய தப்புப் பண்ணுனா, மன்னிப்புக் கடிதம் எழுதுலேன்னு சொன்னா, அரமணி நேரம் பேனாவக் கடிச்சிக்கிட்டு நிப்பான். நான் பாத்தேன். ஒரே பாரமா அடிச்சி, ஜெராக்ஸ் எடுத்து அடுக்கிட்டேன். ‘நான் செய்த ............ குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதி அளிக்கிறேன்.’ கீழ பிள்ள கையெழுத்து, அப்பா அம்மா கையெழுத்து. குற்றம் இருக்க எடத்தக் காலியா விட்டுருவேன். பெறகு ஆற அமர நான் நெரப்பிக்கிடுவேன். இருவத்தாறு வருசத்துல ஒரு பிள்ள மாட்டேன்னு சொன்னது கெடயாது. எம்மெல்லே மருமகன்கூடப் போட்டுருக்கான்.

இந்தப் பெட்டி இருக்கே, இது ரெண்டாவது. மொதப் பெட்டி பதினோரு வருசம் முன்ன வாங்குனது. பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு குழு வந்து, குறைதீர்க்கும் குழு எங்க, புகார்ப் பெட்டி எங்கன்னு கேட்டாவ. சட்டம் அப்பிடி. பிரின்ஸ்பால் எஸ்தர் வேதமணி மேடம் என்னையப் பாத்தாவ. "மத்தியானம் மாட்டிருதோம்"னு குழுவுகிட்ட சொன்னேன், மாட்டிட்டேன். போட்டோவும் எடுத்தாச்சி. சாவி அன்னைக்குச் சாயங்காலமே தொலைஞ்சி போச்சி. தொலைஞ்சா என்ன? வீட்டு நெலப்பூட்டா அது? பெட்டி வைக்கணும்னுதான சட்டம், தெறக்கணும்னு எவன் கேட்டான்?

குறைதீர்க்கும் குழுவும் அப்பிடித்தான். வருசத்துக்கு நாலு கூட்டம் நடத்தணும். நடத்தணும்னா எழுதணும். அதுக்குன்னு ஒரு நோட்டு, தீர்மான நோட்டு. நாலு கூட்டத்தையும் நான் ஒரே உக்காருல எழுதிருவேன். மை மட்டும் மாத்திக்கிடுவேன், ஒண்ணு நீலம், ஒண்ணு கருப்பு, மூணாவதுக்கு எழுதாத பேனாவ ஒதறி ஒதறி எழுதுவேன். அப்பந்தான தத்ரூபமா இருக்கும். மூணு வருசத்துக்கு முன்ன பல்கலைக்கழகத்துல இருந்து வந்த குழுவுல ஒரு கண்ணாடிக்காரரு, "பெட்டிச் சாவி எங்க?"ன்னு கேட்டுட்டாரு. அதுல இருந்து உசாராயி, அதுக்கும் சேத்து வருசா வருசம் ஒரு தீர்மானம் எழுதிருவேன். அது என்னன்னு பெறகு சொல்லுதேன். அங்கதான் என் வாயில மண்ணு.

நான் ஒண்ணு சொல்லட்டா, அண்ணாச்சி? நிர்வாகம்னா பேப்பர்தான். நடந்துச்சா நடக்கலையாங்கதெல்லாம் ரெண்டாவது. பேப்பர்ல இருந்தா நடந்தது, இல்லன்னா நடக்கல. இத நான் புதுசா வார பிள்ளைகளுக்கு வருசம் வருசம் மைக்குல சொல்லுவேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு இப்பம் தெரியுது. சொல்லியிருக்கக் கூடாது.

சரி. குழுவுல மாணவர் பிரதிநிதின்னு ஒரு ஆளு வேணும். நான் என்ன செய்வேன், கடைசி வருசத்துல நல்லாப் படிக்கிற பிள்ளயாப் பாத்து ஒரு பேர எழுதிக்கிடுவேன். அந்தப் பிள்ளைக்கே தெரியாது. ஏதாவது சான்றிதழ் வாங்க வரும்லா, அப்பம் "இங்கன போடு, இங்கன போடு"ன்னு நாலு எடத்துல கையெழுத்து வாங்குவேன். அஞ்சாவதா இந்த நோட்டயும் விரிச்சி நீட்டுவேன். போட்டுட்டுப் போயிரும். இந்த வருசம் எழுதுன பேரு பொன்னிசக்கி. பி.எஸ்சி கணக்கு, மூணாம் வருசம், லேடீஸ் ஹாஸ்டல். வாயத் தொறக்காத பிள்ளைன்னு எல்லாவரும் சொன்னாவ. அத நம்புனேன்.

பொங்கல் லீவு முடிஞ்சி வந்தா. நோட்ட நீட்டுனேன். போடல. நின்னுக்கிட்டே இருக்கா. "என்ன பிள்ள, சாமி படமா இருக்கு, இப்பிடிப் பாக்க? போடு, கூட்டம் நிக்கில்லா"ன்னேன். "வாசிக்கேன் சார்"னா. அண்ணாச்சி, என் சர்வீஸ்ல அந்த நோட்ட வாசிச்ச மொத ஆளு அவதான். நான்கூட எழுதுனதோட சரி. வாசிச்சி முடிச்சா, கையெழுத்துப் போட்டா, "தேங்ஸ் சார்"னு சொல்லிட்டுப் போனா. எதுக்குத் தேங்ஸுன்னு எனக்கு அப்பம் ஓடல.

பிப்ரவரி மாசம் ஒரு புதன்கிழம. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் ரசத்துக்கு வந்துட்டேன். வெளிய டொம்மு டொம்முன்னு சத்தம். போயிப் பாத்தா, எலக்ட்ரீசியன்கிட்ட சுத்தியல வாங்கி, அந்தப் பிள்ள பெட்டிப் பூட்ட ஒடைக்கா! ஒளிச்சி மறைச்சி இல்ல, நட்ட நடு வராந்தாவுல, நூறு பேரு வேடிக்கை பாக்க. மூணாவது அடியில பூட்டு தெறிச்சி என் காலுகிட்ட வந்து விழுந்துச்சி. பெட்டியத் தொறந்தா, ஏ யப்பா, பதினோரு வருசத்துப் பேப்பரு பொலபொலன்னு கொட்டுது. முட்டாய்த் தாளு, பழைய பஸ் டிக்கெட்டு, எவனோ எவளுக்கோ எழுதுன லவ் லெட்டரு, ரெண்டு பல்லி முட்ட. அவ அசரல. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, வருசம் வருசமாப் பிரிச்சி அடுக்குதா. முன்னூத்திப் பன்னெண்டு மனு.

"ஏட்டி, என்ன செய்ய?"ன்னேன்.

"மனுவ வகைப்படுத்துதேன் சார்."

எனக்கு வந்துச்சே கோவம். விதி ஒம்பது, கல்லூரிச் சொத்துக்குச் சேதம். விதி பதினாலு, ஒழுங்கீனம். எதுக்கும் இருக்கட்டும்னு விதி நாப்பத்திமூணு. இருவது நிமிசத்துல ஆர்டரு அடிச்சிட்டேன். பதினஞ்சு நாளு சஸ்பெண்டு. மேடம் தாவரவியல்காரவிய, நல்ல மனுசி, பேப்பர நீட்டுனா கையெழுத்து. போட்டுட்டாவ.

பதினஞ்சு நாள்னா சும்மா இல்ல, அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு ஜனவரியில மஞ்சக்காமால வந்து கொஞ்ச நாளு லீவு. இந்தப் பதினஞ்சும் சேந்தா வருகைப் பதிவு பத்தாது. பத்தலன்னா ஹால் டிக்கெட்டு கெடயாது, கடைசிப் பரீட்ச எழுத முடியாது. அவுக அம்மா பீடி சுத்துதாவ. மறுநாளே ஓடியாந்து என் மேசைக்கு முன்ன நின்னு அழுதாவ. "சார், இந்த வருசம் முடிக்கலன்னா இவுக அப்பா படிப்ப நிறுத்திருவாவ சார். மாமன் மகன் ரெடியா நிக்கான். டீச்சராவணும்னு கெடக்கா சார் இவ." எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சி. நான் என்ன கல்லா? பாரத்த எடுத்து நீட்டுனேன். "ரெண்டு கையெழுத்து, நீங்க ஒண்ணு, பிள்ள ஒண்ணு. பதினஞ்ச மூணாக் கொறச்சிருதேன்"னேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?

அம்மா போட்டாச்சி. இவ பாரத்த வாங்குனா. திரும்ப வாசிக்கா! வாசிச்சிட்டு, "குற்றம் இருக்க எடம் காலியா இருக்கே சார்"ங்கா.

"அத நான் நெரப்பிக்கிடுதேன்."

"நான் என்ன குற்றம் செஞ்சேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா சார்? பூட்ட ஏன் ஒடைச்சேன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியளா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒடைச்சத நூறு பேரு பாத்துருக்கான், கேக்குறதுக்கு என்ன இருக்கு? "பெரிய வக்கீலு, போ போ"ன்னேன். அந்த அம்மா மக முதுகுல ரெண்டு அடி வச்சாவ, "போடேன்டி, மூதேவி"ன்னு. அவ போடல. பாரத்த மடிச்சிப் பையில வச்சிக்கிட்டா. மறுநாள்ல இருந்து கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சிட்டா. நான் டீக்குப் போவும்போதெல்லாம் எந்திரிச்சி வணக்கம் வேற சொல்லுவா. டீ எறங்குமா எனக்கு?

நாலாம் நாளு ஒரு மனு அனுப்புனா. ‘என் மீதான குற்றச்சாட்டை எழுத்துமூலம் தரவும். என் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவும். விசாரணையில் தீர்மான நோட்டைக் காட்டவும்.’ மூணே வரி. ஒரு காப்பி மேடத்துக்கு, ஒண்ணு ஆட்சிக்குழுவுக்கு. எங்க ஆட்சிக்குழுவுல தளவாய் ஐயான்னு ஒருத்தரு, ரிட்டயர்டு சப் ஜட்ஜ். வழக்கமா கூட்டத்துக்கு வந்தா தூங்குவாரு. இந்த மனுவ வாசிச்சதும் முழிச்சிக்கிட்டாரு. "கேக்காமத் தண்டிச்சா அது தண்டன இல்ல, அடாவடி. கோர்ட்டுக்குப் போனா அரமணி நேரம் நிக்காது"ன்னு மேடத்துக்குப் போனு. மேடம் உடனே விசாரண வச்சாவ. தளவாய் ஐயாதான் விசாரிக்காரு.

எனக்கு உள்ளூர சந்தோசம். இருவத்தாறு வருசத்துல எனக்கு ஒரு விசாரண கூட அமையல பாத்துக்கிடுங்க. புதுச் சட்ட போட்டுக்கிட்டுப் போனேன். கையேடு, ஒடஞ்ச பூட்டு, சுத்தியலு, எல்லாத்தையும் தாம்பாளத்துல வச்சிக் கொண்டுபோனேன். பியூன், "சார், பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு"ங்கான்.

தளவாய் ஐயா கையேட்டப் பொரட்டுனாரு. "இருவத்திரெண்டாம் விதி நல்லாருக்கே. பட்டறை எங்க இருக்கு, போயிப் பாக்கலாமா?"ன்னாரு. நான் இருமுனேன். அவரு பூட்டக் கையில எடுத்து அந்தப் பிள்ளகிட்ட, "இத ஒடைக்க ஒனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தா?"ன்னு கேட்டாரு.

"குழு குடுத்துச்சு ஐயா."

"எந்தக் குழு?"

"குறைதீர்க்கும் குழு. தீர்மான நோட்டு, பக்கம் பதினாலு, ரெண்டாந் தீர்மானம்."

நோட்டு என் கையிலதான் இருக்கு. எங்க ஆபீஸ்லயே சுத்தமா வச்சிருக்க நோட்டு அதுதான், பெருமையா நானே விரிச்சி நீட்டுனேன், அண்ணாச்சி! நானே! எழுதுனவனுக்கு ஞாபகம் இல்ல. அவரு உரக்க வாசிச்சாரு. ‘புகார்ப் பெட்டியைத் திறந்து மனுக்களை எடுத்து வகைப்படுத்தும் பொறுப்பு மாணவர் பிரதிநிதி செல்வி பொன்னிசக்கியிடம் ஒப்படைக்கப்படுகிறது. சாவி கிடைக்காத பட்சத்தில் பூட்டை உடைத்துத் திறக்கவும் அவருக்கு முழு அதிகாரம் அளிக்கப்படுகிறது. ஒருமனதாக நிறைவேறியது.’

கண்ணாடிக்காரருக்குப் பயந்து எழுதுன தீர்மானம். சாவி எங்கன்னு கேட்டா நீட்டுறதுக்கு. என் கையெழுத்து, குண்டு குண்டா, நீல மையில சிரிக்குது.

"சூப்பிரண்டு சார், இந்தக் கூட்டம் நடந்துச்சா?"ன்னாரு.

அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவிய? நடந்துச்சுன்னா, அவ ஒடைச்சது குத்தமில்ல, குழு சொன்ன வேல. நடக்கலன்னா, நான் பொய்யா எழுதுனேன், மேடம் பொய்யாக் கையெழுத்துப் போட்டாவ. மேடத்தப் பாத்தேன். அவிய ஃபேனப் பாக்காவ.

"நடந்துச்சுங்கய்யா"ன்னேன். "நல்லாவே நடந்துச்சு."

"எல்லாரும் வந்தாவளா?"

"ஒருத்தரு பாக்கி இல்லங்கய்யா."

"டீ கீ குடுத்தியளா?"

"டீயும் முறுக்கும்."

எதுக்கு முறுக்கச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. சும்மா வாயில வந்துட்டு. தளவாய் ஐயா அந்தப் பிள்ள பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. நடந்துச்சா?"ன்னாரு.

எந்திரிச்சா. என்னையப் பாத்தா. "நோட்டுல நடந்துருக்கு ஐயா. பேப்பர்ல இருந்தா நடந்ததுன்னு சார்தான் மொத நாளு மைக்குல சொன்னாவ. எனக்கு முறுக்கு மட்டும் வரல."

தளவாய் ஐயா கைக்குட்டய வாயில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் இருமுனாரு. இருமலு இல்ல அது.

பெறகு, "பூட்ட ஏம்மா ஒடைச்ச?"ன்னு கேட்டாரு. அத அதுவரைக்கும் யாரும் கேக்கலல்லா. அவ சொன்னா. ஹாஸ்டல்ல குளியலறை மூணு, அதுல ரெண்டு கதவுக்குத் தாப்பா கெடயாது. ஒருத்தி குளிச்சா ஒருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். அஞ்சு மாசமா. பிள்ளைக எழுதி எழுதிப் பெட்டியில போட்டுருக்கு. குளிச்சிட்டு ஓடியார லேட்டாவும்லா, லேட்டா வந்தா எங்க அனுப்புவாவ? எங்கிட்டதான். நான் பாரத்த நீட்டுவேன்.

அந்தப் பிள்ள பெட்டியில எடுத்த தாப்பா மனுவ ஒரு பக்கம் அடுக்குனா. என் ஃபைல்ல இருந்து மன்னிப்புப் பாரத்த வாங்கி இன்னொரு பக்கம் அடுக்குனா. பதினேழு இந்தப் பக்கம், பதினேழு அந்தப் பக்கம். அதே பேரு, அதே தேதி. தளவாய் ஐயா ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. இப்பம் இருமல.

"இந்தப் பாரத்துல, ஏன் லேட்டுன்னு எங்க இருக்கு சூப்பிரண்டு சார்?"

"ஏன்னு எழுத பாரத்துல எடம் இல்லங்கய்யா"ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? அதுக்கு ஏன் எல்லாவரும் என்னைய அப்பிடிப் பாத்தாவன்னு தெரியல.

அவ்வளவுதான். சஸ்பெண்டு ரத்து, வெளிய இருந்த நாளுக்கெல்லாம் வருகை போட்டாச்சி. தாப்பா ரெண்டே நாள்ல வந்துட்டு. மனு முன்னூத்திப் பன்னெண்டையும் குழு வாசிச்சிப் பதிலு எழுதணும். பெட்டி வளைஞ்சி போச்சி, புதுசு வாங்கணும். வெள்ளிக்கிழம தோறும் மாணவர் பிரதிநிதி கையால தெறக்கணும். கூட்டம் நெசமாவே நடக்கணும். தளவாய் ஐயா மேடத்துகிட்ட, "முறுக்கு உண்டும்லா?"ன்னு கேட்டுட்டுத்தான் கார் ஏறுனாரு.

ஒரு விசயத்த யோசிங்க. அன்னைக்கு நான் ‘கூட்டம் நடக்கல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ கதி என்ன? அவளக் காப்பாத்துனது யாரு? நான். அதுக்கு ஒரு தேங்ஸ் உண்டும்லா? போன வாரம் ஹால் டிக்கெட்டு வாங்க வந்தா. நீட்டுனேன். வாசிச்சா. "இனிஷியல் தப்பா இருக்கு சார்"னா. மாத்திக் குடுத்தேன். வாங்கி நெஞ்சோட வச்சிக்கிட்டு நின்னா பாருங்க, மூஞ்சி அப்பிடி ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சி, பொய் சொல்லக் கூடாது. சரி, இப்பமாவது தேங்ஸ் வரும்னு பாத்தா, "சார், பெட்டியில உங்களப் பத்தி மட்டும் நாப்பத்தோரு மனு இருக்கு. குழு எடுக்கதுக்கு முன்ன நீங்க பாக்கியளா?"ன்னு கேக்கா.

பாத்தேன். பாக்காம இருக்க முடியுமா? ‘ஆவுடையப்பன் சார் மூக்குப்பொடி போட்ட கையால பாரத்தைத் தொடக் கூடாது.’ ‘ஆவுடையப்பன் சார் ஃபேனை எங்கள் பக்கமும் திருப்ப வேண்டும்.’ இப்பிடி எல்லாம் கிறுக்கு. ஒண்ணு மட்டும், ஏழு வருசம் முன்ன உள்ளது. ‘எங்க அப்பா இறந்த பதினாறாம் நாள் முடிந்து வந்தேன். லேட்டுக்கு மன்னிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.’ அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல. பேரு இல்ல. எந்தப் பிள்ளைன்னு நாலஞ்சு நாளா யோசிக்கேன், மொகம் வர மாட்டேங்கு. எனக்கு என்னவோ மாதிரி ஆயிட்டு, அண்ணாச்சி. சவத்த விடுங்க.

திங்கக்கிழம காலையில மேசைக்கு வாரேன், ஒரு கவரு கெடக்கு. ஒரே வரி. ‘நிர்வாக நலன் கருதி, பழைய விடைத்தாள் காப்பறைக்கு மாற்றப்படுகிறார்.’ பழைய விடைத்தாளு ரூமு எங்க இருக்கு தெரியுமா? கேண்டீனுக்குப் பின்னால. கரப்பானுக்கு நான் சூப்பிரண்டு. இருவத்தாறு வருசம் ஒழைச்சவன். கூப்பிட்டாவளா? இல்ல. நோட்டீசு குடுத்தாவளா? இல்ல. அந்த நோட்டுல எல்லாக் கையெழுத்தும் எனக்கு மட்டுமா சொந்தம்? மேடம் போடல? வாத்தியாருமாரு போடல? ஏன் செஞ்சேன்னு என்னைய ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டாவளா? இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க.

என்ன சிரிக்கிய? சிரிக்கலையா, சரி.

கடைசி வேலையா இந்தப் பெட்டிய வாங்க என்னையத்தான் அனுப்புனாவ. பூட்டு அந்தப் பிள்ள குடுத்துவிட்டது. பூட்டு மட்டும். வளையத்துல நொழையுதான்னு பாத்து வாங்கச் சொல்லி. சாவி அவகிட்ட. கெட்டிக்காரி, சாவிய எங்கிட்டத் தருவாளா?

கொஞ்சம் காதக் குடுங்க. ஆட்டுதேன் பாருங்க. கேக்குதா? உள்ள ஒரு பேப்பரு கெடக்கு. புதுப் பெட்டியில எப்பிடிப் பேப்பரு வந்துச்சின்னு பாக்கியளா? நாந்தான் போட்டேன். கடைக்கு வெளிய நின்னுக்கிட்டு, பையில பழைய மன்னிப்புப் பாரம் கெடந்துச்சி, அதத் திருப்பிப் பின்பக்கம் எழுதுனேன். எழுதிப் போட்டுட்டு, பூட்டு நொழையுதான்னு அமுக்கிப் பாத்தேன். டக்குன்னு பூட்டிக்கிட்டு. இனி நானே நெனைச்சாலும் எடுக்க முடியாது.

என்ன எழுதுனேனா? விதி கிதி ஒண்ணும் எழுதல. ‘மாற்றுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.’ கீழ முழுப் பேரு, தேதி. பேரு போடாம எழுத எனக்கு என்ன பயமா?

ஆலங்குளம் வந்துட்டு. அடுத்த ஸ்டாப்பு நம்மளுது. இந்தக் காலக் கொஞ்சம் மடக்குங்க, பெட்டி இடிச்சிரும்.

இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழம சாயங்காலம் தெறப்பா. மேடம் கையில கெடச்சா அப்பிடியே கையெழுத்துப் போட்டு ஓரமா வச்சிருவாவ. வாத்தியாருமாரும் அப்பிடித்தான். ஆனா மொதல்ல அவ கைக்குத்தான் போவும். அவ வாசிப்பா, அண்ணாச்சி.